துப்பிய இடத்தில் துடை

மன்னிப்பு என்பது அந்தம்மாவைப் பொறுத்தவரை காதில் ஓதுகிற சமாசாரம் இல்லை. "எங்கன துப்புனாரோ அங்கனதானங்க தொடைக்கணும்? நடுத்தெருவுல துப்பிட்டு என் அடுப்படிக்குள்ள வந்து தொடைச்சா எப்படி?" என்பார். மதுரைப் பேச்சு. டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்த 'அங்கன' மட்டும் போகவே இல்லை. ஹிந்தி பேசினாலும் மதுரை ராகத்தில்தான் பேசுவார்.

நாங்கள் அவரை வீட்டுக்காரம்மா என்போம். கரோல் பாகில் மொட்டை மாடி ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவர் கட்டிலுக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் வீடு. டெல்லித் தமிழர்கள் முந்நூறு பேர் போல அதற்குள் குடியிருந்தோம்.

புரியும்படி சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் நடத்துகிற சமூக வலைத்தளங்கள் உங்களுக்குத் தெரியும். ஒரே முதலாளி, கோடிக்கணக்கான பேர், புகார் கொடுத்தால் மெஷின் பதில் சொல்லும். இது அப்படியில்லை. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து நடத்தலாம். நம் வீட்டில் எழுதுவது மற்ற வீடுகளுக்கும் போகும், அங்கே எழுதுவது இங்கே வரும். மொத்தத்துக்கும் முதலாளி கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். ஒரு வீட்டு ஆட்கள் அசிங்கமாக நடந்துகொண்டால் அந்த வீட்டையே நம் வீட்டுக்குள் விடாமல் கதவைச் சாத்திவிடலாம். எங்கள் வீட்டுக்காரம்மா லோதி ரோடில் ஓர் அரசாங்க ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஆபீஸ் போய்விட்டு வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிராம்பு மென்றுகொண்டே வீட்டைக் காவல் காப்பார்.

புதிதாகக் குடிவர நினைப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கோவம் வந்தா என்ன செய்வீங்க?" எனக்குக் கோபமே வராது என்று எழுதியவர்களை உள்ளேயே விடமாட்டார். "பொய் சொல்ற ஆளுக்கு என் வீட்டுல எடமில்ல" என்று பதில் போகும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். எனக்கு வருகிற கோபத்தை ஒளித்து வைக்கவும் தெரியாது. தட்டைத் தூக்கி எறிவேன் என்று எழுதினேன். "என்ன தட்டு?" என்று கேட்டார். எவர்சில்வர் என்றேன். "அப்ப உடையாது. வாங்க சிஸ்டர்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

அவரோடு ஒருநாள் கரோல் பாக் மெட்ரோ வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஈ-ரிக்‌ஷாக்காரன், வழிவிடவில்லை என்று அவரை நிறத்தைச் சொல்லி, மதராஸி என்று சொல்லி, இன்னொன்றும் சேர்த்துச் சொல்லித் திட்டிவிட்டான். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. அவனுக்கு வேறு வழியில்லாமல், குனிந்து "சாரி ஆன்ட்டி" என்று முணுமுணுத்தான். "திட்டினது இவங்க எல்லார் காதுலயும்தானே விழுந்தது? பையா, ஜோர் ஸே!" என்றார் டீக்கடையைக் காட்டி. அவன் சத்தமாகச் சொன்னான். சிரித்தவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் இந்தம்மா செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதே வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னையும் இழுத்து உட்காரவைத்து, வழியெல்லாம் அவனிடம் பிள்ளைகள் எத்தனை, எந்த ஸ்கூல் என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லயா? அவன் வண்டியிலயா ஏறுவாக?" என்று இறங்கியதும் சண்டை பிடித்தேன்.

"அவன்தான் தொடைச்சிட்டானே சிஸ்டர். தொடைச்ச எடத்த நாம எதுக்கு மோந்து பாத்துக்கிட்டு?" என்றார்.

சரி, நல்ல மனுஷி, மனசில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். துடைக்காதவர்கள் கதை வேறு. அவருடைய அண்ணன், அவர்கள் அம்மா செத்த வீட்டில், பந்தியில் சொந்தக்காரர்கள் முன்னால் இவரை "கல்யாணமாகாம ஊர் மேயுறவ" என்று சொல்லிவிட்டாராம். பிறகு பலமுறை போனில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இவர் ஏற்கவில்லை. அண்ணன் இறந்துபோனார். இவர் மதுரைக்குப் போகவும் இல்லை. "போன்லயா துப்புனாரு?" என்று என்னிடம் கேட்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு அவர் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது துடைக்காத இன்னொரு ஆள் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தமிழர் சங்கத்துக்கு அவன் செக்ரட்டரி. மரியாதை இல்லாமல் எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள், அவனுக்கு இதுவே ஜாஸ்தி. பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு, தெரிந்தவரைப் பார்க்க வேண்டும் என்று வார்டுக்குள் வந்து நின்றான். வெளியே போங்க சார் என்றேன். நான் யார் தெரியுமா என்றான். யாரா இருந்தாலும் வெளியே போங்க என்றேன். அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவன் செய்ததைக் கேளுங்கள்.

அவனுக்கு வேறொரு வீட்டில் கணக்கு இருந்தது. காவலே இல்லாத வீடு, எவனும் எதுவும் எழுதலாம். அங்கே தன் சொந்தப் பெயரிலேயே மூன்று பதிவு போட்டான். என் கணவர் அப்போது ராணுவத்தில், எல்லையில் இருந்தார். முதல் பதிவு, புருஷன் எல்லையில் நிற்கும்போது இந்த நர்ஸ் அம்மா யார் பைக்கில் வந்து இறங்குகிறார் என்று. பைக் என் சித்தி மகனுடையது. இரண்டாவது, கோல் மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் நான் நிற்கிற படம், கூடவே என் குவார்ட்டர்ஸ் பிளாக் நம்பர். மூன்றாவதை அப்படியே தருகிறேன். 'அம்மா நைட் டூட்டிக்குப் போனால் வீட்டில் பெண் தனியாகத்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் கவனித்துக்கொள்ளவும். ஒரு நலம்விரும்பி.'

நலம்விரும்பியாம்!

என் மகள் ஜெனி அப்போது ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் சாயங்காலம் நான் டூட்டிக்குக் கிளம்பி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன், அவளிடமிருந்து போன். கிசுகிசுவென்று பேசுகிறாள். இரண்டு பேர் வந்து பெல் அடித்து, "மம்மி டூட்டி பே கயி க்யா?", அம்மா டூட்டிக்குப் போயாச்சா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். பிள்ளை பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அங்கிருந்து பேசுகிறாள். நான் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினேன். வீட்டுக்குப் போனபோது அவர்கள் இல்லை. கதவைத் திறந்தவள், "மம்மி, பக்கா போயிட்டாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கப்புறம் நெடுநாள், பெல் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவாள்.

போலீசில் காட்டினேன். அங்கிருந்த கான்ஸ்டபிளுக்கு மூன்றாவதை ஹிந்தியில் சொன்னபோது, "கவனிச்சுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கார்? அச்சா ஆத்மி லக்தா ஹை" என்றார். நல்ல மனுஷனாம்! எனக்கு அந்த ஸ்டேஷன் மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போலிருந்தது.

நேரே கரோல் பாகுக்குப் போனேன். "அவன் அட்ரஸ் எனக்குத் தெரியும். அவனுக்கும் பள்ளிக்கூடம் போற பொண்ணு இருக்கு. எல்லாத்தையும் நம்ம வீட்டுல போடுதேன். அவனும் கிடந்து துடிக்கட்டும்" என்று கத்தினேன்.

வீட்டுக்காரம்மா கிராம்பைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "போட்டீங்கன்னா மொத ஆளா உங்களத்தான் வெளிய அனுப்புவேன். பொண்ணு என்ன துப்புச்சா?" என்றார். எனக்கு அவர் முகத்தில் அறைய வேண்டும் போல ஆத்திரம். அவர் பாட்டுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பிரதியில் முதலில் அந்தப் படத்தையும் பிளாக் நம்பரையும் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தார். அப்புறம் இன்னொன்று செய்தார், அவர் வழக்கமாகச் செய்வது. இந்த உலகத்தில் ஒருவன் தன் பதிவை அழித்தால், 'இதை அழித்துவிடுங்கள்' என்று எல்லா வீடுகளுக்கும் ஒரு செய்தி போகும். மரியாதைப்பட்ட வீடுகள் அழித்துவிடும். எங்களில் ஒருவர் அழித்தால் இவரும் மறுபேச்சில்லாமல் அழிப்பார். ஆனால் வம்பு செய்கிற வீட்டிலிருந்து வரும் அழிப்புச் செய்தியை மட்டும் ஏற்காதே என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டு வைப்பார். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்துவார்.

"திருடன் போகும்போது அவன் காலடித் தடத்த அவனே கூட்டிப் பெருக்கிட்டுப் போறதுக்கு, நாம வெளக்குமாறு எடுத்துக் குடுக்கணுமாக்கும்?" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. போலீஸ்வரை போய்விட்டேன் என்று தெரிந்ததும் அந்த ஆள் மூன்றையும் அழித்தான். அவன் வீட்டிலும் போயிற்று, மற்ற வீடுகளிலும் போயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் அப்படியே இருந்தது. அது அவனுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக் ஹாலில் சங்கக் கூட்டம். அவனே எழுந்து பேச்சை ஆரம்பித்தான். தன் பெயரைக் கெடுக்க ஒரு அம்மா கிளம்பியிருக்கிறார், தான் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை, சாமி சத்தியம், இதே சபையில் அவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். பேசிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

வீட்டுக்காரம்மா எழுந்து, பொங்கல் விழாப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த டிவியில் தன் மடிக்கணினியைச் சொருகினார். மூன்று பதிவும் வரிசையாக வந்து நின்றது, அவன் பெயரோடு, அவன் படத்தோடு.

"யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்றான்.

"உங்க கணக்கோட முத்திரை இதுலயே இருக்கு சார். வேணும்னா தெரிஞ்ச ஆள வச்சுப் பாத்துக்கங்க. இப்ப நீங்களே படிங்க, உங்க எழுத்துத்தான" என்றார். முன்வரிசையில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தார், ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவர் டிவியைப் பார்த்தபடியே, "படிங்க" என்றார்.

படித்தான். முதலாவதைப் படித்து மன்னிப்புக் கேட்டான். இரண்டாவதைப் படித்து மன்னிப்புக் கேட்டான். அவன் நாக்கு குழறக் குழற எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்? மூன்றாவதுக்கு வந்ததும் அவனுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "இது அக்கறையில எழுதினது. பொம்பளப் பிள்ளை தனியா இருக்கே, கவனிச்சுக்கங்கன்னு சொன்னது தப்பா? இதுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று உட்கார்ந்துவிட்டான். ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதில் தப்பில்லையே என்று ஒரு பெரியவர் சொன்னார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். வீட்டுக்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ஈ-ரிக்‌ஷா கைப்பிடியைப் பிடித்த அதே பிடி. "மூணாவது பாக்கி சார்" என்று மட்டும் சொல்லி டிவியை அணைத்தார்.

அன்று முதல் எங்கள் வீட்டு வாசலிலேயே, அதாவது முதல் பக்கத்திலேயே, அந்தப் பதிவுகள் இருந்தன, அவன் பெயரோடு. முதல் இரண்டுக்கும் கீழே அவன் கேட்ட மன்னிப்பு. மூன்றாவதுக்குக் கீழே 'துடைக்கப்படவில்லை' என்று ஒரே வார்த்தை. யார் வந்தாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். அவன் எத்தனையோ பேரைத் தூது அனுப்பினான். சங்கத் தலைவர் வந்தார், ஸ்வீட் டப்பாவோடு. "ஹால்லதான அக்கறைன்னு சொன்னாரு? ஹாலுக்கு வந்து மூணாவதப் படிச்சு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரம்மா டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் குவார்ட்டர்ஸை லோதி ரோடுக்கு மாற்றிக்கொண்டேன். வருஷங்கள் போயின. டெல்லிப் புகையில் வீட்டுக்காரம்மாவின் நுரையீரல் கெட்டுப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மதுரைக்கே போனார். போகுமுன் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கட்டிலுக்கடியில் தானே தள்ளிவைத்தார். இருமிக்கொண்டே சொன்னார், "அந்தாளு என்னைக்காவது தொடைக்க வருவாரு. வந்தா தொடைக்க விடுங்க. குனிஞ்சு தொடைக்கிறவன் முதுகுல ஏறி மிதிக்காதீங்க." அதெல்லாம் எனக்கு வாக்குறுதி தர முடியாது என்றேன். "தெரியும்" என்று சிரித்தார். அடுத்த வருஷம் மதுரையிலேயே கண்ணை மூடிவிட்டார்.

அந்த ஆள் வந்தது போன மாதம்.

ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், மூன்றாவது பதிவின் கீழே எவனோ ஒருவன், முன்பின் தெரியாத வீட்டிலிருந்து, எழுதியிருந்தான். 'செக்ரட்டரி சார், உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல? இப்ப புனேல வேலையாமே? எந்த ஏரியா?'

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். அதை அழிக்க எனக்கு ஒரு நொடி போதும். அழிக்காமல் தோசை ஊற்றப் போனேன். கல்லில் மாவை விட்டுக்கொண்டிருக்கும்போது போன் சிணுங்கியது. அவன்தான். நேரே என் போன் நம்பருக்கு அனுப்பிய செய்தி. 'சிஸ்டர், உங்க கால்ல விழறேன். அதை எடுத்துடுங்க. என் பொண்ணு அங்க தனியாத்தான் இருக்கா.'

தனியாத்தான் இருக்கா. அவன் எழுதிய அதே வார்த்தை. தோசை கருகுகிற வாசனை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'பொண்ணு என்ன துப்புச்சா?' என்று அந்தம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்ட மாதிரி இருந்தது. சனியன் பிடித்த கேள்வி. அடுப்பை அணைத்துவிட்டு, அந்த எவனோ எழுதியதை அழித்தேன். அவன் வீட்டுக்கும் கதவைச் சாத்தினேன். பிறகு செக்ரட்டரிக்கு எழுதினேன். 'எடுத்தாச்சு. உங்களுக்காக இல்ல, அந்தப் பிள்ளைக்காக. மூணாவது அப்படியேதான் இருக்கும். நீங்க அதுக்குக் கீழ எதுவும் எழுத வேண்டாம், எழுதினா எல்லா வீட்டுக்கும் போயி உங்க பிள்ளைக்குத்தான் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு வாங்க.'

வந்தான். முடியெல்லாம் கொட்டி, சட்டை தொளதொளவென்று. அவன் மனைவி அதே முன்வரிசையில். என் பக்கத்தில் ஜெனி. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அன்றைக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். நான் வாசித்துக் காட்டியதே இல்லை. அவள் காதில் அது முழுதாக விழப்போவது இதுதான் முதல் தடவை.

அவன் போனைப் பிடித்துக்கொண்டு படித்தான். "அம்மா நைட் டூட்டிக்குப் போனால் வீட்டில் பெண் தனியாகத்தான்..." அங்கே நின்றுவிட்டான். ஹாலில் ஒருவரும் தலையாட்டவில்லை. மறுபடி ஆரம்பித்து முடித்தான். "அக்கறை இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன். மன்னிச்சுடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சார், ஜோர் ஸே" என்றேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் தலையை நிமிர்த்தி, ஜெனியைப் பார்த்து, பின்வரிசைக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கர்சீப் தேடினான். என்னிடம் இருந்தது. கொடுக்கவில்லை.

ஜெனி என் காதருகே வந்தாள். "மம்மி, இவ்ளோதானா? இதுக்கா நான் பாத்ரூம்ல உக்காந்திருந்தேன்?" என்றாள். போனை அவளிடம் கொடுத்தேன். எந்தப் பட்டன் என்று கேட்டாள். காட்டினேன். அழுத்தினாள். மூன்றும் போயிற்று.

வெளியே வந்தபோது அவன் காரை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி, "லோதி ரோடுதானே சிஸ்டர்? போற வழிதான், ஏறுங்க, விட்டுடறேன்" என்றான். வீட்டுக்காரம்மாவாக இருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பார். புனேயில் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கெல்லாம் எப்படி என்று விசாரித்துக்கொண்டே போயிருப்பார்.

நான் ஏறவில்லை. நானும் ஜெனியும் மெட்ரோவில் வந்தோம்.